லீஸ்ஹோல்ட் வீடு வாங்குபவர் பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு பிளாட் வாங்கப் போகிறவருக்குப் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட் முறையைத் தவிர வேறு வழி இருக்காது. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் இந்த முறையில் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி அடுக்குமாடிக் குடியிருப்புகள், எஞ்சியவை தனி வீடுகள். ஸ்காட்லாந்தின் நிலச் சட்டம் முற்றிலும் வேறானது என்பதால், இங்கே சொல்லப்படுபவை அங்கே பொருந்தா.

லீஸ்ஹோல்ட் என்பது ஒரு வீட்டைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அனுபவிக்கும் உரிமை. நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டரின் கையிலேயே இருக்கும். அவருக்கும் முதன்முதலில் வீட்டை வாங்கியவருக்கும் இடையே எழுதப்பட்ட லீஸ் பத்திரம், அதன் பிறகு வீடு எத்தனை கை மாறினாலும், வாங்குகிற ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்தும். காலம் முடிந்த பிறகும் வாடகைக்காரராகத் தொடர்ந்து குடியிருக்கச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது என்றாலும், சொத்து என்ற மதிப்பு அன்றோடு போய்விடும். ஆக, கொடுக்கும் விலை சமையலறைக்கும் பால்கனிக்கும் என்று தோன்றினாலும், சட்டப்படி கைமாறுவது ஒரு பத்திரமும் அதில் மிச்சமிருக்கும் காலமும்தான். அந்தப் பத்திரத்தை வாங்குபவரே ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வற்புறுத்தல். கிரயத்தைக் கவனிக்கும் வழக்கறிஞரான சொலிசிட்டர் எழுதித் தரும் அறிக்கை அதற்குத் துணையாகும், ஈடாகாது. ஏனெனில் நீங்கள் நாய் வளர்ப்பவரா, வீட்டை வாடகைக்கு விடும் எண்ணம் உள்ளவரா, ஐந்து ஆண்டுகளில் விற்றுவிடப் போகிறவரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

மிச்சமிருக்கும் ஆண்டுகள்

பத்திரத்தில் முதலில் தேட வேண்டியது லீஸ் தொடங்கிய தேதியும் அதன் மொத்தக் காலமும். 99, 125, 999 என்ற எண்கள் அடிக்கடி வரும். 1985இல் 99 ஆண்டு லீஸுடன் விற்கப்பட்ட ஒரு பிளாட்டில் 2025இல் மிச்சம் இருந்தது 59 ஆண்டுகள்தான். விற்பனை விளம்பரத்தில் '99 ஆண்டு லீஸ்' என்று மட்டும் போட்டிருந்தால், அது தொடக்கக் காலமா, மிச்சக் காலமா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

80 ஆண்டு என்ற எல்லைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பிளாட் வைத்திருப்பவர் லீஸை நீட்டித்துக்கொள்ளும் உரிமையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. ஃப்ரீஹோல்டருக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உரிய விலையைக் கொடுத்தால், மிச்சக் காலத்துடன் 90 ஆண்டுகள் சேரும். நிலத்துக்கென ஃப்ரீஹோல்டருக்குக் கட்டிவரும் கிரவுண்ட் ரென்ட் பெயரளவுக்கு, அதாவது சுழியமாகக் குறையும். அந்த விலையைக் கணக்கிடும் முறைதான் 80 ஆண்டில் மாறுகிறது. 80க்கு மேல் மிச்சம் இருந்தால், நீட்டிப்பால் ஃப்ரீஹோல்டர் இழப்பதை மட்டும் ஈடுகட்டினால் போதும். 80க்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டிப்பால் புதிதாக உருவாகும் மதிப்பிலும் பாதியை அவருக்குத் தர வேண்டும். இதை மேரேஜ் வேல்யூ என்பார்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். காலம் குறைந்த நிலையில் ஒரு பிளாட்டின் மதிப்பு 3,00,000 பவுண்டு, நீட்டித்த பின் 3,40,000 பவுண்டு, ஃப்ரீஹோல்டர் இழப்பது 14,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 40,000 பவுண்டு உயர்வில் அந்த 14,000ஐக் கழித்தால் 26,000. அதில் பாதி 13,000. ஆகத் தர வேண்டியது 27,000 பவுண்டு. இதே இழப்புடன் 80 ஆண்டைத் தாண்டிய லீஸாக இருந்திருந்தால் 14,000 பவுண்டோடு முடிந்திருக்கும். இவற்றுக்கு மேல் மதிப்பீட்டாளர் கட்டணமும் சொலிசிட்டர் கட்டணமும் உண்டு; ஃப்ரீஹோல்டர் தரப்பின் நியாயமான செலவையும் இப்போதைய முறைப்படி நீங்களே ஏற்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டை மாற்றவே 2024இல் புதிய சீர்திருத்தச் சட்டம் வந்தது. வீட்டை வாங்கி இரண்டு ஆண்டு கழித்தே நீட்டிப்பு கேட்கலாம் என்ற பழைய நிபந்தனை 2025 ஜனவரி 31 அன்று நீங்கிவிட்டது. இப்போது பதிவு முடிந்த கையோடு விண்ணப்பிக்கலாம். மேரேஜ் வேல்யூவை ஒழிப்பது, 90க்குப் பதிலாக 990 ஆண்டு நீட்டிப்பு தருவது ஆகியவையும் அதே சட்டத்தில் உள்ளன. ஆனால் சட்டம் ஒப்புதல் பெற்றதாலேயே அவை நடைமுறைக்கு வந்துவிடவில்லை, துணை விதிகள் வந்தாக வேண்டும். ஆகவே 'சட்டம் மாறிவிட்டது, 65 ஆண்டு லீஸ் ஒரு பிரச்சினையே இல்லை' என்று விற்பவரின் ஏஜென்ட் சொன்னால், அந்தப் பிரிவு எந்தத் தேதியில் அமலுக்கு வந்தது என்று திருப்பிக் கேளுங்கள். காலம் குறைந்த லீஸுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். உங்களுக்குக் கடன் கிடைத்துவிட்டாலும், பத்து ஆண்டு கழித்து உங்களிடம் வாங்க வருபவருக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா?

சட்ட வழியில் போகாமல், ஃப்ரீஹோல்டரே கடிதம் எழுதி, 'விரைவில், மலிவாக நீட்டித்துத் தருகிறோம்' என்று அழைப்பதும் உண்டு. அதை அப்படியே நிராகரிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வழியில் பழைய லீஸின் காலம் முடியும்வரை பழைய கிரவுண்ட் ரென்ட் தொடரக்கூடும்; வேறு ஷரத்துகளும் உள்ளே நுழையலாம். சட்டப்படியான நீட்டிப்புக்கு என்ன செலவாகும் என்று ஒரு மதிப்பீட்டாளரிடம் கேட்டறிந்த பிறகே அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது நல்லது.

கிரவுண்ட் ரென்ட்

கிரவுண்ட் ரென்ட்டுக்கு ஈடாக எந்தச் சேவையும் கிடைக்காது. 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதிய நீண்டகால லீஸ்களில், முதியோர் குடியிருப்புகளில் 2023 ஏப்ரல் 1 முதல், இதை வசூலிக்கச் சட்டம் தடை விதித்துவிட்டது. அதற்கு முந்தைய லீஸ்களுக்கு அந்தத் தடை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது இன்றைய தொகையைவிட அது வளரும் விதத்தை. ஆண்டுக்கு 250 பவுண்டு என்று தொடங்கி, பத்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஷரத்து இருந்தால், ஐம்பது ஆண்டில் அது 8,000 பவுண்டாகிவிடும். இப்படிப்பட்ட வீடுகளை விற்க முடியாமல் பலர் தவித்த பிறகே சட்டம் அசைந்தது. இங்கிலாந்தில், லண்டனில் 1,000 பவுண்டுக்கு மேலும் மற்ற இடங்களில் 250 பவுண்டுக்கு மேலும் கிரவுண்ட் ரென்ட் இருந்தால், சாதாரண வாடகைச் சட்டத்தின் கீழ் வீட்டையே இழக்கும் அபாயம் முன்பு இருந்தது. 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் நீண்டகால லீஸ்களை அதிலிருந்து விலக்கியிருக்கிறது. சட்டம் வகுத்த படிவத்தில் கோரிக்கை வந்தால் மட்டுமே கிரவுண்ட் ரென்ட் செலுத்தும் கடமை எழும் என்பதையும் அறிந்து வைத்திருக்கலாம்.

சர்வீஸ் சார்ஜ்

உரிமையாளர்களுக்கு மிகுந்த மனக்கசப்பைத் தருவது இதுதான். கூரை, மாடிப்படி, லிஃப்ட், துப்புரவு, கட்டடக் காப்பீடு, நிர்வாக நிறுவனத்தின் கட்டணம் என்று கட்டடத்தின் பொதுச் செலவு முழுவதும் லீஸ்தாரர்களின் தலையில் பிரித்து வைக்கப்படும். உங்கள் பங்கு எத்தனை விழுக்காடு என்பது பத்திரத்தில் இருக்கும். தரைத்தளத்தில் இருப்பவர் லிஃப்ட் செலவில் பங்கு தர வேண்டுமா என்ற கேள்விக்கும் விடை அங்கேதான். நியாயம் என்று நமக்குப் படுவது எதுவாக இருந்தாலும், எழுதியிருப்பதே செல்லும். பங்குடைமைத் திட்டத்தில் வீட்டின் கால் பங்கை மட்டும் வாங்கியவரும் சர்வீஸ் சார்ஜை முழுவதும் கட்ட வேண்டியிருக்கும் என்பது பலருக்குப் பின்னரே தெரியவருகிறது.

எழுதியிருப்பது எந்த அளவுக்குச் செல்லும் என்பதற்கு வேல்ஸில் கவர் தீபகற்பத்தின் ஆக்ஸ்விச் விடுமுறைக் குடில்களின் வழக்கைவிடச் சிறந்த சான்று இல்லை. அங்கே சில லீஸ்களில் ஆண்டுக்கு 90 பவுண்டு என்று தொடங்கிய சர்வீஸ் சார்ஜ், ஒவ்வோர் ஆண்டும் பத்து விழுக்காடு கூட்டு வீதத்தில் உயரும் என்று எழுதப்பட்டிருந்தது. விலைவாசி தறிகெட்டு ஏறிய காலத்தை ஒட்டி எழுதப்பட்ட ஷரத்து அது. அதே கணக்கில் போனால் 2072இல் ஒரு குடிலுக்கு ஆண்டுக்கு 5,50,000 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டிவரும் என்று வாதிட்டும், 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த ஷரத்தை அதன் சொற்படியே நிலைநிறுத்தியது. ஒருவர் கெட்ட பேரம் பேசிவிட்டார் என்பதற்காக நீதிமன்றம் அதைத் திருத்தி எழுதாது.

நல்லவேளையாகப் பெரும்பாலான லீஸ்களில் சர்வீஸ் சார்ஜ் நிலையான சூத்திரமாக இல்லாமல், உண்மைச் செலவுக்கு ஏற்ப மாறுவதாகவே இருக்கும். அப்படி மாறும் கட்டணத்துக்கு 1985ஆம் ஆண்டின் நில உரிமையாளர் மற்றும் குத்தகைதாரர் சட்டம் காவலாக நிற்கிறது. செலவு நியாயமானதாகவும், செய்த வேலை தரமானதாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கிலாந்தில் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவிலும், வேல்ஸில் லீஸ்ஹோல்ட் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் முறையிடலாம். செலவு செய்து 18 மாதத்துக்குள் பணம் கேட்கவோ, செலவானது என்று எழுத்தில் அறிவிக்கவோ இல்லையென்றால், அந்தத் தொகையைப் பின்னர் வசூலிக்க முடியாது. கோரிக்கைக் கடிதத்தில் ஃப்ரீஹோல்டரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். உங்கள் உரிமைகளின் சுருக்கமும் உடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இணைக்கப்படும்வரை பணத்தை நிறுத்திவைக்கலாம் என்றாலும், அது கெடுவைத் தள்ளிப்போடுமே தவிரக் கடனை அழிக்காது.

பெரிய வேலைகளுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஏதேனும் ஒரு லீஸ்தாரரின் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் வேலை எதுவானாலும், முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, விலைப்புள்ளிகளைக் காட்டி, லீஸ்தாரர்களின் கருத்தைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். கேட்காமல் செய்தால் ஆளுக்கு 250 பவுண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது. இதைக் கேள்விப்பட்டதும் சிலர் தப்பித்துவிட்டோம் என்று நினைத்துவிடுகிறார்கள். வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் பகுதியின் குயின்ஸ் மேன்ஷன்ஸ் கட்டடத்தில், ஏறத்தாழ 2,80,000 பவுண்டு செலவான வேலைக்கு ஆலோசனை முறை சரியாகப் பின்பற்றப்படவில்லை. விதியை அப்படியே பொருத்தினால் ஐந்து லீஸ்தாரர்களும் சேர்ந்து 1,250 பவுண்டு கொடுத்தால் போதும். 2013இல் உச்ச நீதிமன்றமோ, முறை தவறியதால் லீஸ்தாரர்களுக்கு உண்மையில் என்ன பாதிப்பு என்பதே கேள்வி என்று சொல்லி, 50,000 பவுண்டு தள்ளுபடியையும் அவர்களின் சட்டச் செலவையும் நிபந்தனையாக வைத்து, ஃப்ரீஹோல்டருக்கு விலக்கு அளித்தது. ஆகவே அறிவிப்பு வரும்போதே, 30 நாள் அவகாசத்துக்குள் எழுத்தில் கருத்துச் சொல்வதுதான் பயனுள்ள வழி. மலிவான ஒப்பந்தக்காரரின் விலைப்புள்ளியை உடன் இணைத்தால் இன்னும் நல்லது.

எதற்கெல்லாம் அனுமதி வேண்டும்

சொந்த வீடு என்ற நினைப்பில் செய்யும் பல காரியங்களுக்குப் பத்திரம் தடை போடும். செல்லப்பிராணி, மரத்தரை, சாட்டிலைட் தட்டு, உட்சுவரை இடித்தல், வாடகைக்கு விடுதல் ஆகியவை வழக்கமான பட்டியல். சிலவற்றுக்கு அனுமதி கேட்டால் ஃப்ரீஹோல்டர் நியாயமின்றி மறுக்க முடியாது. சில முழுத் தடைகள். முழுத் தடை என்றால் எவ்வளவு முழுமை என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் காட்டியது. மற்ற லீஸ்தாரர்களின் வேண்டுகோளின் பேரில் ஷரத்துகளை அமல்படுத்துவேன் என்று ஃப்ரீஹோல்டர் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருந்தால், முழுத் தடை உள்ள வேலைக்கு ஒருவருக்கு மட்டும் அவர் தனியே அனுமதி தர முடியாது. குறுகியகால விடுதிபோல இணையம் வழியாக வாடகைக்கு விடுவதும் அப்படியே: தனியார் குடியிருப்பாக மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற ஷரத்தை அது மீறக்கூடும் என்று 2016இல் மேல்நிலைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது.

வீட்டின் எல்லையைக் காட்டும் வரைபடத்தையும் பாருங்கள். ஜன்னல் சட்டங்கள் யாருடையவை, மேலே உள்ள பரண் உங்கள் எல்லைக்குள் வருகிறதா, வண்டி நிறுத்துமிடம் பத்திரத்தில் இருக்கிறதா அல்லது விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதுதானா என்பவை பிற்பாடு சண்டையாகும் விஷயங்கள். முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் சுவரை இடித்திருந்தாலும், அந்த வில்லங்கம் உங்கள் பெயரில்தான் வந்து நிற்கும்.

ஷரத்தை மீறினாலோ பணம் பாக்கி வைத்தாலோ, லீஸையே பறிமுதல் செய்யும் உரிமை பல பத்திரங்களில் ஃப்ரீஹோல்டருக்கு உண்டு. சில ஆயிரம் பவுண்டு பாக்கிக்காக, கடன் அடைந்த வீட்டின் முழு மதிப்பும் போகக்கூடும் என்பதால் இது கடுமையான ஆயுதம். என் பார்வையில், இன்றைய வீட்டு உரிமைக்குப் பொருந்தாத ஆயுதமும்கூட. நடைமுறையில் வீடு பறிபோவது அரிது. பாக்கி 350 பவுண்டுக்கு மிகாமலும், மூன்று ஆண்டுக்கு மேல் நிலுவையில் இல்லாமலும் இருந்தால் பறிமுதலுக்கு இடமே இல்லை. மற்றபடி மீறல் நடந்ததாகத் தீர்ப்பாயமோ நீதிமன்றமோ முடிவு செய்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்; அதன் பிறகும் பாக்கியைக் கட்டி நிவாரணம் கேட்கலாம். அச்சுறுத்தும் கடிதம் வந்தால் அலமாரியில் போட்டுவைக்காமல், தகராறு உள்ள தொகையை 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டிவிட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவது பாதுகாப்பான வழி. அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் ஆலோசனைச் சேவையான லீஸ் அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

தீப்பாதுகாப்புச் சான்றுகள்

2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் உயிரிழந்த தீவிபத்துக்குப் பிறகு, உயரமான கட்டடத்தில் பிளாட் வாங்குவதில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் 11 மீட்டர் உயரத்துக்கோ ஐந்து தளத்துக்கோ குறையாத கட்டடங்களில், தகுதி பெற்ற லீஸ்தாரர்கள் ஆபத்தான வெளிச்சுவர் உறைகளை (கிளாடிங்) அகற்றும் செலவை ஏற்க வேண்டியதில்லை என்று 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மற்ற தீப்பாதுகாப்புக் குறைகளுக்கும் பெரும்பாலானோருக்கு உச்சவரம்பு உண்டு. அந்தத் தகுதி லீஸோடு ஒட்டியது. 2022 பிப்ரவரி 14 அன்று வீட்டை வைத்திருந்தவர் அதில் குடியிருந்தாரா, பிரிட்டனில் மூன்று வீடுகளுக்கு மேல் வைத்திருந்தாரா என்பதைப் பொறுத்தது. இன்று வாங்குகிற நீங்கள் எவ்வளவு நேர்மையாகக் குடியிருந்தாலும் அதை மாற்ற முடியாது. ஆகவே லீஸ்தாரர் சான்றுப் பத்திரத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

நிர்வாகத்தைக் கைக்கு எடுத்தல்

நிர்வாக நிறுவனம் பிடிக்கவில்லையென்றால், அதன் தவறை நிரூபிக்காமலே நிர்வாகத்தை லீஸ்தாரர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் உரிமையை 2002ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. கட்டடத்தின் பிளாட்களில் பாதிக்குக் குறையாதவர்கள் ஒரு நிறுவனமாகச் சேர்ந்து அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கடைகளும் அலுவலகங்களும் பரப்பில் கால் பங்கைத் தாண்டினால் இந்த உரிமை இல்லை என்ற வரம்பு, 2025 மார்ச் 3 முதல் பாதியாக உயர்ந்தது. பலர் சேர்ந்து ஃப்ரீஹோல்டையே விலைக்கு வாங்கவும் வழி உண்டு. அப்படி வாங்கியவர்களின் வீட்டை 'ஃப்ரீஹோல்டில் பங்கு உண்டு' என்று விளம்பரப்படுத்துவார்கள். அங்கும் லீஸ் இருக்கிறது, அதன் காலமும் தேய்கிறது, அண்டை வீட்டாருடன் பேசித் தீர்க்க வேண்டிய கூரைச் செலவும் இருக்கிறது.

வாங்கும்போதும் விற்கும்போதும்

லீஸ்ஹோல்ட் விற்பனையில் சொலிசிட்டர்கள் எல்பிஇ1 என்ற படிவத்தின் வழியாக நிர்வாக நிறுவனத்திடம் தகவல் கேட்பார்கள். கடந்த மூன்று ஆண்டுக் கணக்கு, சேமிப்பு நிதியில் உள்ள தொகை, வரவிருக்கும் பெரிய வேலைகள், நடப்பில் உள்ள தகராறுகள், காப்பீட்டு விவரம் ஆகியவை அதில் வரும். சேமிப்பு நிதியில் பணமே இல்லாத பழைய கட்டடமும், அடுத்த ஆண்டு கூரை வேலை என்ற வரியும் ஒரே படிவத்தில் இருந்தால், விலை பேச அதுவே தக்க இடம். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து வரும் கூடுதல் கட்டணம், கேட்கப்படும் நாளில் யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவரிடமே வசூலிக்கப்படும். எனவே விற்பவரின் பணத்தில் ஒரு தொகையைக் கணக்கு முடியும்வரை பிடித்துவைக்கச் சொல்லி உங்கள் சொலிசிட்டரிடம் கேளுங்கள். கட்டுமான நிறுவனம் பரிந்துரைக்கும் சொலிசிட்டரைத் தவிர்த்து, லீஸ்ஹோல்டில் பழக்கமுள்ள ஒருவரை நீங்களே தேடிக்கொள்வது நல்லது.

கிரயம் முடிந்த பிறகும் காரியம் மிச்சம் இருக்கும். வீடு கைமாறியதையும் கடன் வாங்கியதையும் ஃப்ரீஹோல்டருக்கு அறிவித்துக் கட்டணம் கட்ட வேண்டும். சில லீஸ்களில் புதிய உரிமையாளர் ஷரத்துகளை ஏற்பதாகத் தனிப் பத்திரமும் எழுதித் தர வேண்டும். நிலப் பதிவகத்தின் பதிவேட்டில் தடைக் குறிப்பு இருந்தால், இவையெல்லாம் முடிந்தன என்ற சான்று கிடைக்கும்வரை வீடு உங்கள் பெயருக்கு மாறாது. நாளை நீங்கள் விற்கும்போது இதே படிவத்துக்கும் சான்றுக்கும் நீங்கள் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டிவரும். நிர்வாக நிறுவனம் பதில் தரப் பல வாரங்கள் எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதால், வாங்குபவர் கிடைத்த பிறகு கேட்பதைவிட, வீட்டை விளம்பரத்துக்கு விடும் வாரத்திலேயே கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.